மூன்றாவது திரை எதற்கு?

டெல்லி கோல் மார்க்கெட்டில் வீட்டிலிருந்தே டிரேடிங் செய்ய நினைப்பவருக்குச் சாமான் வாங்கப் பஞ்சமில்லை. மெட்ரோவில் போனால் நேரு பிளேஸ். அங்கே கிடைக்காத கம்ப்யூட்டர் உதிரி உண்டா என்ன? கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு, நான்கு மானிட்டர் மாட்டும் ஸ்டாண்ட், விலை உயர்ந்த புராசசர் என்று லட்ச ரூபாய்க்கு மேலும் பட்டியலை இழுக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து சொந்தப் பணத்தில் வாங்கி விற்பவருக்கு இரண்டு திரை போதும் என்பதே என் கட்சி. மூன்றாவது திரைக்கு வைத்திருக்கும் பணம் மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் போகட்டும்.

கம்ப்யூட்டர் இங்கே செய்யும் வேலை உண்மையில் சிறியது. விலை புரோக்கரின் சர்வரிலிருந்து வருகிறது. நம் ஆர்டரும் அங்கேதான் போகிறது. இடையில் நம் இயந்திரம் கோடு வரைகிறது, எண்களைப் புதுப்பிக்கிறது. 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, நடுத்தரப் புராசசர் இருந்தால் அதற்குத் தாராளம். புராசசரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் பெரும்பாலும் இரண்டு மானிட்டரைச் சிரமமில்லாமல் ஓட்டும். பின்பக்கம் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எம்1, எம்2 சிப் உள்ளவை வெளியே ஒரு மானிட்டரைத்தான் நேரடியாக ஏற்கும். பழைய அலுவலக டெஸ்க்டாப்பை மலிவாக வாங்குவதிலும் தப்பில்லை, ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு முந்தையவற்றுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டீமேட் கணக்கைத் திறக்கும் இயந்திரத்தில் சேமிக்கக் கூடாத காசு அது.

திரையின் மீது நமக்கு இவ்வளவு மயக்கம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1994 நவம்பரில் தேசிய பங்குச் சந்தை பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியபோது, கூச்சல் போடும் தளம் போய்த் திரை வந்தது. செயற்கைக்கோள் ஆன்டெனா வழியாக டெல்லி புரோக்கரும் மும்பை புரோக்கரும் ஒரே விலையைப் பார்த்தார்கள். அதன் அடியில் நசுங்கியவற்றுள் ஆசஃப் அலி ரோட்டிலிருந்த டெல்லி பங்குச் சந்தையும் ஒன்று. 1947-இல் உருவான அந்தச் சந்தையின் அங்கீகாரத்தைப் பங்குச் சந்தைகளின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014 நவம்பரில் விலக்கிக்கொண்டது. தொண்ணூறுகளில் திரை வைத்திருப்பது உண்மையான பலம். அந்தச் சமத்துவம் நீடிக்கவில்லை. 2010 வாக்கில் பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வரைச் சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு வைக்கத் தொடங்கின. டெல்லிக்கும் அந்தச் சந்தை இருக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, ஒரு வழிப் பயணத்துக்கே 6 மில்லிநொடி. அவர்களோ மைக்ரோநொடியில் கணக்குப் பார்க்கிறார்கள். கோல் மார்க்கெட்டின் பெஷ்வா ரோட்டில் எத்தனை மானிட்டர் மாட்டினாலும் இந்தத் தூரம் குறையப் போவதில்லை.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியைப் பணமாகவே காட்டியது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கம், 2024 நிதியாண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் ஆல்கோக்கள் வழியே வந்தவை. பார்த்து முடிவெடுக்கக் கண்ணே தேவைப்படாத நிரல்கள் அவை. அதே ஆண்டு ஜூலையில் வந்த, அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே பற்றிய செபி ஆய்வு இன்னும் கூர்மையானது: பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம், ஆண்டுக்கு 500-க்கு மேல் டிரேடு போட்டவர்களில் 80 சதவீதத்தினருக்கு நஷ்டம். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பார்பரும் ஓடியனும் 66,465 குடும்பங்களின் 1991–96 கணக்குகளைப் பார்த்து 2000-இல் எழுதியதும் இதுவே. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம், சந்தை தந்ததோ 17.9.

இந்த ஆய்வுகளில் எதுவும் மானிட்டரை எண்ணவில்லையே என்று கேட்கலாம். எண்ணவில்லைதான். ஆனால் மூன்றாவது திரை எதற்காக வாங்கப்படுகிறது? இன்னும் நான்கு பங்குகளின் ஒரு நிமிட சார்ட்டைத் திறந்து வைக்க. கண்ணுக்கு எதிரே சார்ட்டின் மெழுகுவர்த்திகள் துடித்துக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. புரோக்கர் அலுவலக டீலர்கள் ஆறு திரை வைத்திருக்கிறார்களே என்பது அடுத்த வாதம். அவர்கள் பல வாடிக்கையாளர்களின் ஆர்டர், மார்ஜின், ரிஸ்க் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கிறார்கள். சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை அது. மறுக்க முடியாத வாதம் ஒன்றுதான்: ஒரே திரையில் ஜன்னல்களை மாற்றி மாற்றித் திறக்கும்போது தவறான பங்கில் ஆர்டர் போய்விடும். அதனால்தான் இரண்டு என்கிறேன். 27 அங்குலத்தில் க்யூஎச்டி திரை ஒன்று எதிரே, சார்ட்டுக்கு. 24 அங்குலத்தில் ஒன்று பக்கவாட்டில், ஆர்டர் புக்குக்கும் பொசிஷனுக்கும். 144 ஹெர்ட்ஸ் எல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு. புரோக்கர் தரும் விலை நொடிக்குச் சில தடவைதான் மாறும்; 60 ஹெர்ட்ஸ் அதற்கு மிச்சம்.

மிச்சப்பட்ட பணம் எங்கே போக வேண்டும்? முதலில் யுபிஎஸ், அதில் கம்ப்யூட்டரோடு வைஃபை ரவுட்டரையும் கட்டாயம் மாட்ட வேண்டும். கரன்ட் போனதும் திரை எரிந்து ரவுட்டர் அணைந்தால் என்ன பயன்? அடுத்து, வேறொரு கம்பெனியின் சிம்மில் மாற்று இணையம். போனில் புரோக்கரின் ஆப், கூடவே அவர்களுடைய ஆர்டர் மேசையின் தொலைபேசி எண். சந்தை மூடப்போகும் மூன்று மணி இருபது நிமிடத்தில், திறந்த பொசிஷனோடு இணைப்பு அறுந்து நிற்பவருக்கு இந்த மூன்றும் எந்த மானிட்டரையும் விடப் பெரியவை.

கோல் மார்க்கெட் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1921-இல் எழுந்த அந்த வட்டச் சந்தையைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள். 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 16-வது விதி அரசு ஊழியர் பங்குகளில் ஊக வணிகம் செய்யக் கூடாது என்கிறது. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வணிகமாகவே கருதப்படும் என்ற விளக்கமும் அதிலேயே உண்டு. எப்போதாவது செய்யும் முதலீட்டுக்குத் தடையில்லை. ஆண்டுக்குள் பங்குப் பரிவர்த்தனை ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் மானிட்டருக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்த விதியை ஒரு முறை படித்துவிடுங்கள்.