பிரசங்க பீடமும் வாக்குப்பெட்டியும்

தங்கள் மதத்தைச் சேர்ந்த செல்வாக்குள்ள தலைவர் ஓட்டுக் கேட்டு வரும்போது சபை வாய் திறக்கலாமா? ஆந்திரத்தின் பழமைவாதக் கிறிஸ்தவர்களுக்கு இது வெறும் வேதாந்தக் கேள்வி அல்ல.

பெயரின் முதல் பாதி தெலுங்கு. ‘வெதுரு’ என்றால் மூங்கில். பிற்பாதியான ‘குப்பம்’ தமிழ்க் காதுக்குப் பழகியது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்த பகுதியில், திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே இருக்கிறது வெதுருகுப்பம். இந்த மண்டலம் அடங்கிய கங்காதர நெல்லூர் சட்டமன்றத் தொகுதி, தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. இங்கே ஒரு போதகர் தேர்தல் நேரத்தில் பேசுவதும் பேசாமலிருப்பதும் ஏன் இத்தனை சிக்கலாகிறது என்பதற்கு, இந்தத் ‘தனி’ என்ற ஒரு சொல்லே பாதி விடை.

மீதிப் பாதி, ஆந்திர அரசியலின் சுபாவம். சட்டப்படி நடப்பது நாடாளுமன்ற முறைத் தேர்தல். ஆனால் மக்கள் ஓட்டுப் போடுவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது போல, ஒரு முகத்துக்கு. 1982இல் கட்சி தொடங்கிய என்.டி. ராமாராவ், திரையில் தரித்த கிருஷ்ணன் வேடத்தின் ஒளியோடு 1983 ஜனவரியில் முதல்வரானார். 2003இல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி நடந்தார். அடுத்த ஆண்டு ஆட்சி அவர் கையில். மகன் ஜெகன்மோகன் ரெட்டி 2017 நவம்பரில் தொடங்கி 3,648 கிலோமீட்டர் நடந்து முடித்தார். 2019இல் 175 இடங்களில் 151 அவருக்கு.

ராஜசேகர ரெட்டி குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். விஜயம்மாவின் கையில் பைபிள். மருமகன் அனில் குமார் நற்செய்திப் பிரசங்கியார். சபை மக்களுக்கு அது ‘நம்மவர்’ வீடு. அங்கேதான் வேதாகமத்தை வரிக்கு வரி நம்பும் பழமைவாதக் கிறிஸ்தவருக்குச் சங்கடம் ஆரம்பமாகிறது.

அவருடைய வேதத்தில் அரசர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. இஸ்ரவேல் ஜனங்கள் அடம்பிடித்துக் கேட்டுப் பெற்ற முதல் ராஜாவான சவுல், அழகன். கூட்டத்தில் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். முடிவு நன்றாக இல்லை. மனிதன் முகத்தைப் பார்க்கிறான், கடவுள் இருதயத்தைப் பார்க்கிறார் என்ற பாடம் ஞாயிறு பள்ளியிலேயே அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அதே வேதம் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியவும் ஆள்வோருக்காக ஜெபிக்கவும் சொல்கிறது. ஜெபிக்கலாம். சிபாரிசு செய்யலாமா?

‘நம்மவர்’ என்ற அளவுகோலும் சீக்கிரமே வளைந்து கொடுக்கிறது. முதல்வரான ஜெகன் மரபுப்படி திருமலை பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் சமர்ப்பித்தார். எல்லா மதத்தாருக்கும் முதல்வராக இருப்பவர் செய்ய வேண்டியது அதுதான் என்று நாடு சொல்லும். விக்கிரக வழிபாட்டை ஏற்காத பழமைவாதியால் அதை எளிதில் ஜீரணிக்க முடியாது. விசுவாசத்துக்காகத்தான் ஆதரவு என்றால் இங்கே ஆதரவு உடைய வேண்டும். நிர்வாகத்துக்காக என்றால் பீடத்திலிருந்து சொல்ல எதுவும் இல்லை.

அமெரிக்காவின் பழமைவாதிகள் இதே முட்டுச்சந்தில் பலமுறை நின்றிருக்கிறார்கள். 1980இல் ஞாயிறு பள்ளி ஆசிரியரான ஜிம்மி கார்ட்டரை விட்டுவிட்டு, விவாகரத்தான ஹாலிவுட் நடிகர் ரீகன் பின்னால் திரண்டது ஜெர்ரி ஃபால்வெல்லின் ‘மாரல் மெஜாரிட்டி’ இயக்கம். இறையியலாளர் வெய்ன் குரூடம் 2016 ஜூலையில், டிரம்ப்புக்கு ஓட்டளிப்பது நெறிப்படி நல்ல தேர்வே என்று எழுதினார். கருக்கலைப்பும் உச்ச நீதிமன்ற நியமனங்களும் அவர் முன்வைத்த காரணங்களில் முக்கியமானவை. அக்டோபரில் பெண்களைப் பற்றி டிரம்ப் ஆபாசமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. குரூடம் ஆதரவை விலக்கிக்கொண்டார். பத்தே நாளில், கொள்கைகளுக்காக மறுபடி டிரம்ப் பக்கமே வந்தார். அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஆளைப் பார்ப்பதா, அவர் செய்யப்போவதைப் பார்ப்பதா என்ற இழுபறியை அவரளவுக்கு வெளிப்படையாகக் காட்டியவர்கள் குறைவு. நிக்சனோடு நெருங்கிப் பழகிய பில்லி கிரஹாம், அரசியலில் எல்லை தாண்டியதற்காக முதுமையில் வருந்தினார்.

அமெரிக்கர் வருந்துவதோடு முடிந்துவிடுகிறது. இந்தியாவில் சட்டம் குறுக்கே நிற்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி, வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வகோபம் வரும் என்று மிரட்டுவதும் அப்படியே. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கட்சி அரசியலுக்கு வழிபாட்டிடத்தைப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் தடுக்கிறது.

மீறிப் பேசிய சபைகளுக்குக் கிடைத்தது என்ன? 2017இல் காந்திநகர் பேராயர் தாமஸ் மக்வான், தேசியவாத சக்திகளிடமிருந்து நாட்டைக் காக்க ஜெபிக்குமாறு கடிதம் எழுதினார்; மாவட்டத் தேர்தல் நிர்வாகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. குஜராத்தில் பாரதிய ஜனதாவே வென்றது. 2018இல், மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் கிறிஸ்தவராக இருக்கும் நாகாலாந்தில், பாப்டிஸ்ட் சபை கவுன்சில் அக்கட்சிக்கு எதிராக வெளிப்படையாக அறைகூவல் விட்டது. அங்கும் அக்கட்சி 12 இடங்களைப் பிடித்து, கூட்டணி ஆட்சியில் அமர்ந்தது. சபை மக்கள் பீடத்துக்குக் காது கொடுக்கிறார்கள், விரலைக் கொடுப்பதில்லை.

2024இல் ‘நம்மவர்’ கணக்கே குலைந்தது. கடப்பா மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக ஷர்மிளா. எதிரே அண்ணன் ஜெகனின் கட்சி சார்பில் உறவினர் அவினாஷ் ரெட்டி. தாய் விஜயம்மா மகளுக்கு ஆதரவு கேட்டார். ஒரே குடும்பம், ஒரே பைபிள், எதிரெதிர் சின்னம். எந்தப் பிரசங்கம் யாருக்கு என்று சொல்லும்? ஷர்மிளா தோற்றார். மாநிலத்தில் ஜெகன் கட்சி 11 இடங்களாகச் சுருங்கியது. 2019இல் அக்கட்சியைத் தேர்ந்தெடுத்த கங்காதர நெல்லூர், தெலுங்கு தேசத்தின் பக்கம் சாய்ந்தது. ஊரறிய ஒரு கட்சிக்குக் கொடி பிடித்த போதகர், மறுநாள் எதிர்க்கட்சிக்காரரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போக வேண்டியவர்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உண்டு. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கிய, பவுத்த மதத்தவருக்கே ஷெட்யூல்டு சாதி அந்தஸ்து. கிறிஸ்தவராகும் தலித் அதை இழக்கிறார். ஆகவே ஞாயிறு தோறும் சபைக்குப் போகும் பலர் சான்றிதழில் இந்துக்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்தஸ்து கேட்டு ஆந்திரச் சட்டமன்றம் 2023 மார்ச்சில் தீர்மானம் போட்டது. 2025இலோ, போதகராகப் பணியாற்றிய ஒருவர் கொடுத்த வன்கொடுமைப் புகாரில், மதம் மாறியவர் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தனித் தொகுதியில் ஒரு போதகர் எழுந்து, ‘கிறிஸ்தவர்களாகிய நாம் இவருக்கு’ என்று சொன்னால் என்ன ஆகும்? சொன்னவருக்குச் சட்டப்படி ஆபத்து. ஆதரவு பெற்ற வேட்பாளருக்குத் தேர்தல் வழக்கு அபாயம். கேட்டுக்கொண்டிருப்பவரின் பிள்ளைக்கோ, கல்லூரி இடமே கேள்விக்குறி. ‘நாம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அத்தனை விலை.

எனவே பழமைவாதக் கிறிஸ்தவர் மவுனமாக இருந்தால், அது உலகத்தை வெறுத்த பக்தியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பிழைக்கத் தெரிந்த விவேகமாகவும் இருக்கலாம். ஆனால் மவுனத்துக்கும் ஒரு விலை உண்டு. தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர், தன் குறையை எந்த வேட்பாளரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. பீடத்திலிருந்து கட்சியின் பெயர் ஒலிக்காமல் இருப்பது சபைக்கு நல்லது. பீடத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் தன் பெயரோடு தன் மதத்தையும் பயமின்றிச் சொல்ல முடிந்தால், அது ஜனநாயகத்துக்கு நல்லது. முதலாவதைப் போதகரே தீர்மானித்துக்கொள்ளலாம். இரண்டாவது, அவர் கையில் இல்லை.