கழற்றி எறியுமுன் அளந்து பார்ப்போம்

2020 மார்ச் மாதத்தில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இன்றும் புதிய வாகனம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத விலையிலேயே இருக்கிறது. ஆகவே 1990களில் வந்த கார்களும் வான்களும் எமது கிராமங்களில் இன்னும் உழைக்கின்றன. சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் இவைதான்.

இந்த வாகனங்களில் கோளாறு வந்தால் இப்போது அடிக்கடி கேட்கும் பதில், “சென்சர் பிழை, மாற்றவேண்டும்” என்பதாகும். மாற்றுகிறார்கள், கோளாறு போவதில்லை. பிறகு இன்னொரு சென்சர். ஹயர் ஓடிப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தப் பணம் பிள்ளையின் ரியூசன் காசு. அல்லது அடகு மீட்க வைத்திருந்த காசு. கழற்றி வீசப்படும் சென்சர்களில் சில பழுதானவையே அல்ல. இடம் சற்று விலகியவை மட்டுமே.

காதுக்குப் பதிலாகச் சென்சர்

1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சினின் சத்தத்தைக் காதால் கேட்டே கார்பரேற்றரைச் செப்பஞ்செய்த காலம் அது.

எரிபொருளைக் கணினி அளந்து விசிறும் வாகனங்களில் அந்தக் காதின் வேலையைச் சென்சர்கள் செய்கின்றன. அவை சொல்வதை மட்டுமே கணினி அறியும். சென்சர் தவறாகச் சொன்னால் கணினி தவறான கட்டளையைக் கொடுக்கும். எமது வீதிகளில் அதிகம் காணப்படும் ரொயோட்டா பெற்றோல் வாகனங்களையே இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அக்சிலேற்றரை மிதிக்கும்போது காற்றுப் பாதையில் திறொட்டில் என்னும் தட்டுத் திறக்கிறது. அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்வது திறொட்டில் சென்சர். பல பழைய ரொயோட்டாக்களில் இதற்கு நான்கு முனைகள் உண்டு. விசி முனைக்குக் கணினி 5 வோல்ற் தருகிறது. விரிஏ முனை திறப்பின் அளவைச் சொல்கிறது. தட்டு முழுதாக மூடியிருப்பதை ஐடிஎல் முனை சொல்கிறது. ஈ2 என்பது ஏர்த்.

அறிகுறிகள்

தட்டு மூடியும் ஐடிஎல் தொடர்பு கொள்ளாவிட்டால், கால் எடுத்தபின்னும் கணினி எரிபொருளை நிறுத்தாது, பெற்றோல் வீணாகும். மாறாக, தட்டுத் திறந்தபின்னும் அந்தத் தொடர்பு விடுபடாவிட்டால், சாரதி கால் எடுத்துவிட்டார் என்று கணினி எண்ணி, எஞ்சின் வேகம் ஏறும்போது எரிபொருளை வெட்டும். வேகம் இறங்கியதும் மீண்டும் கொடுக்கும். மெதுவாக மிதிக்கையில் எஞ்சின் மூச்சிரைப்பதுபோல ஏறி இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இவை சென்சருக்கு மட்டும் உரிய அறிகுறிகள் அல்ல. வெடித்த வக்கியூம் குழாய், திறொட்டிலில் படிந்த கரி, இறுகிய அக்சிலேற்றர் கேபிள், துருப்பிடித்த ஏர்த் வயர் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். இவற்றுக்குக் கண்ணும் ஒரு துணியுமே போதும்.

விளக்கு சொல்லும் செய்தி

பற்றரி 11 வோல்ற்றுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். எஞ்சினைக் கிளப்பாமல் திறப்பை ‘ஓன்’ நிலையில் வைத்து, போனற்றின் கீழுள்ள சோதனைப் பெட்டியில் ரிஈ1, ஈ1 ஆகிய இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்தால், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மின்னத் தொடங்கும். மூடியின் உட்புறத்தில் முனைகளின் பெயர்களைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே இணைக்கவேண்டும். வேறு முனைகளை இணைத்தால் கணினியே பழுதாகலாம்.

விளக்கு ஒரே சீராக மின்னினால் கணினி எந்தக் குறையையும் பதியவில்லை என்று பொருள். நான்கு முறை மின்னி, சற்று நின்று, ஒரு முறை மின்னினால் அது 41. திறொட்டில் சென்சரைக் குறிக்கும். 22 என்றால் எஞ்சின் தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சர். வயர் அறுந்திருந்தாலும் இதே எண்கள்தான் வரும் என்பதை மறக்கக்கூடாது. சென்சர் சிறிது இடம் விலகியிருந்தால் எந்த எண்ணும் வராமலும் போகலாம். அதனால்தான் அளக்கவேண்டியிருக்கிறது.

அளந்து செப்பஞ்செய்தல்

தேவையானவை ஒரு மல்ரிமீற்றர், ஒரு பீலர் கேஜ், அந்த எஞ்சினுக்குரிய அளவுகள். அளவுகள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அயலவரின் காரின் அளவை எமது காருக்கு வைக்கக்கூடாது.

திறப்பை எடுத்துவிட்டு, சென்சரின் இணைப்பைக் கழற்றவேண்டும். பழைய பிளாஸ்ரிக் எளிதில் உடையும். வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அமுக்கியே கழற்றவேண்டும். மீற்றரை ஓம் அளவில் வைத்து விரிஏ, ஈ2 முனைகளில் பிடித்துக்கொண்டு, தட்டைக் கையால் மெல்லத் திறக்கவேண்டும். அளவு சீராக ஏறவேண்டும். இடையில் துள்ளினால் உட்பாதை தேய்ந்துவிட்டது; அந்தச் சென்சரை மாற்றத்தான் வேண்டும். இத்துள்ளலைக் காட்ட பழைய முள் மீற்றரே சிறந்தது.

சீராக ஏறினால், சென்சரின் இரு திருகாணிகளையும் சற்றுத் தளர்த்தி, திறொட்டிலின் நிறுத்தத் திருகாணிக்கும் நெம்புக்கும் இடையே குறித்த தடிப்புள்ள பீலர் தகட்டை வைக்கவேண்டும். மீற்றரை ஐடிஎல், ஈ2 முனைகளுக்கு மாற்றி, முள் அசையும் இடம்வரை சென்சரை மெல்லத் திருப்பி இறுக்கவேண்டும். பிறகு மெல்லிய தகட்டில் தொடர்பு இருக்கிறதா, தடித்த தகட்டில் இல்லாமற் போகிறதா எனச் சரிபார்க்கவேண்டும். நிறுத்தத் திருகாணியை மட்டும் தொடவே கூடாது. அதைக் குழப்பினால் எல்லா அளவும் பிழைக்கும்.

இறுதியாக ஈஎப்ஐ பியூஸை அரை நிமிடம் கழற்றி மீண்டும் போட்டால் கணினியில் பதிந்த பழைய எண்கள் அழியும். பின்னர் ஓட்டிப் பார்க்கலாம்.

எல்லாச் சென்சரையும் இப்படித் திருப்பிச் சரிசெய்ய முடியாது. தண்ணீர்ச் சென்சரைச் சோதிக்கலாம், செப்பஞ்செய்ய இயலாது. அதன் முனையைத் தண்ணீரில் வைத்து அளந்தால் 20 பாகை செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் வரவேண்டும். அதற்கு அப்பால் நின்றால் புதியது வாங்குவதில் நட்டமில்லை.

ஒரு மல்ரிமீற்றரை நாலு வாகனச் சொந்தக்காரர் சேர்ந்து வாங்கலாம். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கொப்பி வைத்து, அளந்த எண்ணையும் திகதியையும் எழுதிவரலாம். கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் கூடவே போகட்டும். “எதை அளந்து பார்த்தீர்கள், எவ்வளவு வந்தது?” என்று கேட்பது மெக்கானிக்கை அவமதிப்பதாகாது. நல்ல மெக்கானிக் அக்கேள்வியை வரவேற்பார். உழைத்த காசைக் கொடுப்பவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.