சிறிய துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும்! ஏன்?

மாணவர்களே, உங்கள் பென்சில் பெட்டியில் உள்ள 15 செ.மீ. அடிக்கோலை எடுத்து மேசைமேல் வையுங்கள். சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே உலகில் செய்யப்படும் கைத்துப்பாக்கிகள் பல, ஏறக்குறைய அந்த நீளம்தான் இருக்கும்.

கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றுக்குச் சுற்றுலா போனவர்கள் அங்குள்ள பழைய பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். வெடிமருந்து எரிகிறது, வாயு விரிகிறது, குண்டு பாய்கிறது. பீரங்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் அடிப்படை ஒன்றுதான். அப்படியானால் ஒரு துப்பாக்கியை எவ்வளவு சிறியதாக்கலாம்? சிறியதாக்கினால் எதை இழக்க வேண்டிவரும்?

அளந்து பார்ப்போம்

ஆஸ்திரியா நாட்டின் குளோக் நிறுவனம் ஒரே வடிவமைப்பைப் பல அளவுகளில் செய்வதால் ஒப்பிடுவது எளிது. 1982-இல் வந்த குளோக் 17-இன் நீளம் சுமார் 20 செ.மீ. குழல் 114 மி.மீ., கொள்ளும் தோட்டாக்கள் 17. குளோக் 19 சுமார் 18.5 செ.மீ., குழல் 102 மி.மீ., தோட்டாக்கள் 15. குளோக் 26 சுமார் 16.5 செ.மீ., குழல் 87 மி.மீ., தோட்டாக்கள் 10. 2015-இல் வந்த குளோக் 43 சுமார் 16 செ.மீ. நீளம், தடிமன் 3 செ.மீ.க்கும் குறைவு, தோட்டாக்கள் ஆறு மட்டுமே. நம் நாட்டுப் போலீசார் பயன்படுத்தும் வால்தர் பி99 சுமார் 18 செ.மீ. நீளமுள்ள நடுத்தர அளவு.

நான்கு குளோக்குகளும் ஒரே 9 மி.மீ. தோட்டாவைத்தான் சுடுகின்றன. அந்தத் தோட்டாவின் மொத்த நீளம் ஏறக்குறைய 30 மி.மீ. அது கைப்பிடிக்குள் படுத்த நிலையில் அடுக்கப்படுகிறது. ஆகவே கைப்பிடியை முன்பின்னாக ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியவை மூன்று: குழலின் நீளம், கைப்பிடியின் உயரம், தடிமன். உயரத்தைக் குறைத்தால் தோட்டாக்கள் குறையும். தடிமனைக் குறைக்க, இரண்டு வரிசையாக அடுக்கிய தோட்டாக்களை ஒரே வரிசையாக்க வேண்டும். அதனாலும் எண்ணிக்கை குறையும்.

குழல் குட்டையானால்?

வாயு தோட்டாவைத் தள்ளுவது குழலுக்குள் இருக்கும் வரைதான். குழல் குட்டையானால் தள்ளும் தூரம் குறைகிறது; வேகமும் குறைகிறது. எரிந்து முடியாத மருந்து வெளியே வந்து எரிவதால் தீப்பிழம்பும் சத்தமும் கூடுகின்றன.

உதைப்பைக் கணக்கிடுவோம்

படிவம் நான்கு இயற்பியலில் ‘மொமென்டம்’ படிப்பீர்கள். தமிழில் அது உந்தம்: நிறை × திசைவேகம். 8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். அதன் உந்தம் 0.008 × 360 = 2.88 கிலோகிராம் மீட்டர்/நொடி. அதே அளவு உந்தம் எதிர்த்திசையில் துப்பாக்கிக்கும் கிடைக்கிறது. வாயுவின் பங்கை இங்கே விட்டுவிடுவோம்.

துப்பாக்கி 0.9 கிலோ என்றால் பின்னோக்கி வரும் வேகம் நொடிக்கு 3.2 மீட்டர். 0.6 கிலோ என்றால் 4.8 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முதலாவது 4.6 ஜூல், இரண்டாவது 6.9 ஜூல். சிறிய துப்பாக்கி ஒன்றரை மடங்கு ஆற்றலோடு கையை உதைக்கிறது. கைப்பிடியும் குட்டையானதால் அதைப் பிடிக்க விரல்களுக்கு இடமும் போதாது.

குறி ஏன் தவறுகிறது?

துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் இரண்டு குறிகள் உண்டு. குளோக் 17-இல் இவற்றுக்கு இடையே சுமார் 165 மி.மீ.; குளோக் 26-இல் சுமார் 137 மி.மீ. முன்குறி 1 மி.மீ. விலகினால் என்ன ஆகும்? கணிதத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்துங்கள். 10 மீட்டர் தூரத்தில் முதலாவது சுமார் 61 மி.மீ. விலகும், இரண்டாவது 73 மி.மீ. விலகும். பதற்றத்தில் நடுங்கும் கையில் விலகல் 1 மி.மீ.யோடு நிற்காது.

இது வெறும் கணக்கு அல்ல. 2024 ஏப்ரல் 14 அதிகாலை, கே.எல்.ஐ.ஏ. முதலாம் முனையத்தின் வருகை மண்டபத்தில் ஓர் ஆடவர் துப்பாக்கியால் சுட்டார். அவர் குறிவைத்தது தம் மனைவியை என்று போலீஸ் கூறியது. குண்டு பாய்ந்ததோ உடனிருந்த மெய்க்காவலர்மீது.

‘பிளாஸ்டிக் துப்பாக்கி எக்ஸ்-ரேயில் தெரியாது’ என்று படங்களில் சொல்வதை நம்பாதீர்கள். குளோக்கின் கைப்பிடிச் சட்டம் பாலிமர்தான். ஆனால் குழலும் அதன் மேலுள்ள நகரும் பகுதியும் எஃகு. எடையில் பெரும்பகுதி உலோகம்; எக்ஸ்-ரே படத்தில் தெளிவாகத் தெரியும்.

சிறிய பொருள், பெரிய வரலாறு

1865-இல் அமெரிக்க அதிபர் லிங்கனைக் கொன்றது 15 செ.மீ. அளவேயுள்ள கைத்துப்பாக்கி. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் மறைத்துக் கொண்டுவந்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான்.

நம் நாட்டில் 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, அனுமதியின்றி துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்ற விதி வந்தது. ராசா, பத்தாங்காலி, கோல குபு பாரு வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் அந்த விதியின் கீழ்தான் காலம் கழித்தார்கள். பின்னர் 1960 ஆயுதச் சட்டமும், 1971-இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டமும் வந்தன. உரிமமின்றி துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். குறிப்பிட்ட குற்றங்களைச் செய்யும்போது சுட்டால் கட்டாய மரண தண்டனை என்றிருந்தது. 2023-இல் அந்தக் ‘கட்டாயம்’ நீக்கப்பட்டது. மரண தண்டனையா, நீண்டகாலச் சிறையா என்பதை இப்போது நீதிமன்றம் முடிவு செய்கிறது.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் விதி ஒன்றும் உண்டு. அசல்போல் தோன்றும் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் ஆயுதச் சட்டப்படி குற்றமே. இணையத்தில் ‘விளையாட்டுப் பொருள்’ என்று விற்கப்படும் ஜெல் குண்டுத் துப்பாக்கிகளால் சிக்கியவர்கள் உண்டு. 16 செ.மீ. அசலையும் 16 செ.மீ. போலியையும் சில அடி தூரத்தில் நிற்கும் போலீஸ்காரரால்கூட உடனே பிரித்தறிய முடியாது. அதனால்தான் இந்த விதி.

செம்பனைக் காட்டிலோ ஆற்றோரத்திலோ துப்பாக்கி, தோட்டா போன்ற எதையாவது கண்டால் தொடாதீர்கள். படமெடுக்க நெருங்கவும் வேண்டாம். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவரிடம் சொல்லி, 999 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.