மூன்று வீதிகளில் நீளும் ஒரு நகரம்: திருகோணமலைப் புறநகரில் குடும்ப சைக்கிளின் இடம்

திருகோணமலை நகரம், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உட்துறைமுகமும் நெருக்க, இடையில் எஞ்சிய ஒடுங்கிய தரையில் அமைந்திருப்பதால், அது வளர வேண்டுமாயின் வடக்கேயும் மேற்கேயும் தென்மேற்கேயும் செல்லும் வீதிகளைப் பற்றிக்கொண்டே வளர முடியும். 2009இல் போர் முடிந்தபின் அவ்வாறே அது வளர்ந்தும் வருகிறது. நிலாவெளி வீதியில் உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்றும், அனுராதபுர வீதியில் அபயபுரம், கன்னியா என்றும், கண்டி வீதியில் மட்கோ, சீனக்குடா என்றும் குடியிருப்புகள் நீண்டுகொண்டே போக, ஒரு காலத்தில் மைல்கல்லை மட்டும் குறித்த ஐந்தாம் கட்டை, ஆறாம் கட்டை போன்ற பெயர்கள் இன்று மக்கள் வாழும் முகவரிகளாகிவிட்டன. இவ்வாறு நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வீடுகளும் கடைகளும் நீளவாக்கில் பெருகி, உட்புறம் நோக்கிப் பரவாதிருப்பதை நகரத் திட்டமிடலாளர் நாடா வளர்ச்சி என்பர். தாயும் தந்தையும் பிள்ளைகளும் சைக்கிளில் ஒன்றாக வெளியே செல்ல இயலுமா என்ற, பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் கேள்விக்கு விடையளிப்பது பெரும்பாலும் இந்த வடிவமே.

தூரம் இங்கே தடையாக இல்லை. அவசரமின்றிச் சைக்கிள் ஓடும் ஒருவர் மணிக்கு 12 கிலோமீற்றர் அளவில் செல்வார் எனக் கொண்டால், நகரத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் உள்ள உப்புவெளிக்கு 25 நிமிடங்களிலும், 8 கிலோமீற்றர் அளவிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு 40 நிமிடங்களிலும் போய்விடலாம். உவர்மலை போன்ற மேட்டுநிலங்களை விட்டால் வழியும் பெரும்பாலும் சமதரைதான். ஆயினும் ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி முதலான பெயர்பெற்ற பாடசாலைகள் நகரத்துக்குள்ளேயே நெருங்கியிருக்க, அவற்றுக்கு வரும் பிள்ளைகளில் பலர் புறநகரில் வசிப்பதால், காலை ஏழு மணியை ஒட்டி மூன்று வீதிகளும் ஒரே திசையில் நிரம்புகின்றன. சீனக்குடாவைத் தாண்டிய கண்டி வீதியிலோ பிரிமா மாவாலையையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையையும் சார்ந்த லொறிகள் ஓடுகின்றன. பக்கத்துக்குப் பக்கம் ஒழுங்கைகள் இருந்தும் அவை ஒன்றோடொன்று இணையாமையால், அடுத்த ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளையும் பதினைந்து தொன் லொறியும் ஒரே தார் விளிம்பைப் பகிர்ந்துகொள்ள நேர்கிறது.

குடும்ப சைக்கிள் என்பது வடக்குக் கிழக்கில் புதிய நாகரிகம் அன்று. தந்தை ஓட, முன் பாரில் பொருத்திய சிறு ஆசனத்தில் இளைய பிள்ளை இருக்க, தாய் பின் கரியரில் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து கோயிலுக்கோ ஆசுபத்திரிக்கோ செல்லும் காட்சி, மோட்டார் சைக்கிள் பெருகுவதற்கு முன்பு எங்கும் சாதாரணமாக இருந்தது. அதைப் பழமையின் இனிமையாக மட்டும் நினைவுகூர்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அம்முறையில் பயணம் செய்த சிறுவர்களுக்கு மிகுதியாக ஏற்பட்ட காயம், சில்லின் கம்பிகளுக்கிடையே குதிகால் அகப்படுவதால் வந்தது. கரியரில் இருக்கும் சிறு பிள்ளைக்குக் கால் வைக்க இடம் இல்லாதபோது அக்கால் இயல்பாகவே உட்புறம் சாய்கிறது. சுழலும் கம்பி தோலையும் சிலவேளை எலும்பையும் நசுக்குகிறது. சேலைத் தலைப்பும் பாவாடையும் சிக்காதிருக்க லேடீஸ் சைக்கிளின் பின்சில்லில் வலை கட்டிய அதே அறிவை, பிள்ளையின் காலுக்காக இருபுறமும் ஒரு தடுப்புத் தகடும் மிதிப்படியும் பொருத்துவதில் காட்டியிருந்தால் பல காயங்கள் நேர்ந்திரா. அவற்றை எந்தச் சைக்கிள் கடையிலும் சிறு செலவில் பொருத்திவிடலாம் என்பதால், குடும்ப ஓட்டத்தை ஊக்குவிக்க விரும்புவோர் தலைக்கவச விநியோகத்துக்கு முன்னர் கவனிக்க வேண்டியது இதுவே.

பெண்கள் சைக்கிள் ஓடுவதற்கென இங்கே தனி இயக்கம் தேவைப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களை வீதிக்குக் கொண்டுவந்தது. அது அங்கே ஒரு சமூக மீறலாகவே பார்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பாடசாலைச் சீருடையோடு மாணவியர் கூட்டமாகச் சைக்கிளில் செல்வது அதற்கு முன்பே வழக்கமாகிவிட்டிருந்தது. இங்கே பெண்களையும் பிள்ளைகளையும் சைக்கிளிலிருந்து இறக்குவது வழக்காறு அன்று, வீதிதான். இரவு ஏழு மணிக்குத் தனியார் வகுப்பு முடித்துத் திரும்பும் மகளைச் சைக்கிளில் அனுப்பத் தயங்கும் பெற்றோர், அவள் சைக்கிள் ஓடுவதையே மறுப்பவர் அல்லர். பின்னால் வரும் பஸ்ஸின் வேகத்துக்கு அஞ்சுபவர்.

எரிபொருள் இல்லாதபோது சைக்கிள் எவ்வளவு விரைவில் திரும்பி வரும் என்பதை இலங்கை இருமுறை கண்டுள்ளது. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அரிதாகி, மின்சாரமும் அற்றுப்போனதால், சைக்கிள் போக்குவரத்துச் சாதனமாக மட்டுமின்றி மின் பிறப்பாக்கியாகவும் பயன்பட்டது. சில்லோடு உராய்ந்து சுழன்று முன்விளக்கை எரிக்கும் சிறு கருவியான டைனமோவைக் கொண்டு வானொலிப் பெட்டியையே இயக்கினர். இரண்டாவது முறை 2022. 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாகியது. அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் வழங்கல் யூன் 28 முதல் யூலை 10 வரை நிறுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே தொடக்க ஒதுக்கீடாயிற்று. பரணில் கிடந்த சைக்கிள்கள் இறக்கப்பட்டு ஒட்டுப்போடப்பட்டன. புதிய சைக்கிள்களின் விலை ஏறியது. பிரித்தானியர் தம் கடற்படைக்காகச் சீனக்குடாவில் 1930களில் கட்டத் தொடங்கியவற்றில் இன்று எஞ்சியுள்ள 99 பாரிய எண்ணெய்த் தாங்கிகள், அதே 2022 சனவரியில்தான் இந்தியாவோடு செய்த புதிய உடன்பாட்டின்கீழ்ப் பகிரப்பட்டிருந்தன. நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்க் களஞ்சியத்தை அயலில் வைத்துக்கொண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாவட்டம் இது.

அந்த மாதங்களில் வீதிகளில் சைக்கிள் பெருகியது; வீதியோ மாறவில்லை. ஒதுக்கீடு கூடியதும் சைக்கிள் மீண்டும் பின்வாங்கியதற்கு இதுவே காரணம் எனக் கொள்வதில் தவறில்லை. நெதர்லாந்தின் கதை இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. இன்று சைக்கிள் நாடாக அறியப்படும் அந்நாட்டிலும் 1950களிலும் 60களிலும் கார்கள் பெருகிச் சைக்கிள் வீழ்ச்சியடைந்தது. 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர், அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். சிறுவர் படுகொலையை நிறுத்துங்கள் என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் ஒன்று எழுந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களை நிறுத்தி வைத்தபோது, அந்த இயக்கத்தின் கோரிக்கை தயாராக இருந்தது. அதனால் நெருக்கடி தீர்ந்த பின்னும் குடியிருப்பு வீதிகளில் வேகத்தைக் குறைக்கும் அமைப்புகளும் தனிப் பாதைகளும் நிலைத்தன. இலங்கையில் 2022இல் தட்டுப்பாடு இருந்தது, மக்களின் கோபமும் இருந்தது. வீதியைப் பற்றிய கோரிக்கை மட்டும் இருக்கவில்லை.

வேகம் ஏன் இத்தனை முதன்மை பெறுகிறது என்பதை எளிய இயக்கவியலால் விளக்கலாம். ஓடும் வாகனத்தின் இயக்கச் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வான் 60க்கு மாறும்போது மோதலில் வெளிப்படும் சக்தி இரு மடங்காகாமல் நான்கு மடங்காகிறது. சாரதி ஆபத்தை உணர்ந்து தடுப்பை அழுத்துவதற்குள் வாகனம் கடக்கும் தூரமும் அதனோடு நீள்கிறது. பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் மோட்டார் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக அமைச்சர் மாநாட்டின் பிரகடனம் கேட்டுக்கொண்டது இக்கணக்கின் அடிப்படையிலேயே. இலங்கையில் கட்டடங்கள் நிறைந்த பகுதிகளுக்கான பொது எல்லை 50. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கும் நாட்டில் அந்த எல்லையும் எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பது நிலாவெளி வீதியோரம் சிறிது நேரம் நின்றவருக்குத் தெரியும்.

காலநிலையைப் பற்றிய தடையுரை அடிக்கடி எழுப்பப்படுகிறது. அது பாதி நியாயமானது. மே முதல் ஓகஸ்ட் வரை, மேற்கு மலைகளில் மழையை இறக்கிவிட்டு வறண்டு வீசும் கச்சான் காற்றின் காலத்தில் நண்பகல் ஓட்டம் பெரியவர்களுக்கே கடினம், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாடசாலையும் சந்தையும் கோயிலும் கேட்கும் பயணங்கள் காலை எட்டுக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னும் அமைபவை. இதைவிடப் பெரிய சிக்கல் இருள். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. மாலை ஓட்டத்தின் பின்பகுதி இருட்டிலேயே நிகழ்கிறது. நகரத்தில் தெருவோரம் மேயும் புள்ளிமான்களும் புறநகரில் தார் வீதியின் சூட்டுக்காகப் படுத்துக் கிடக்கும் மாடுகளும் அவ்வேளையில்தான் வழியில் நிற்கின்றன. டைனமோ விளக்கு, சைக்கிள் நின்றதும் அணைந்துவிடும். சந்தியில் காத்து நிற்கும் பிள்ளையைப் பின்னால் வருபவர் காண்பதற்குச் சிறு மின்கலத்தில் எரியும் சிவப்புப் பின்விளக்கே உதவும்.

தனிப் பாதை அமைக்க நிலம் இல்லை என்ற வாதமும் முழுவதும் பொருந்துவதன்று. அகலமான தனிப் பாதைக்கு நெடுஞ்சாலையோரத்தில் இடமில்லை என்பது மெய். துறைமுகக் கரையின் பெரும்பகுதி கடற்படைத் தளமாகவும் முகாம் நிலமாகவும் இருப்பதால் கரையோரக் குறுக்குவழியும் மூடியே இருக்கிறது. எனினும் நெடுஞ்சாலைக்குச் சமாந்தரமாக ஓடும் ஒழுங்கைகள் ஏராளம். ஓர் ஒழுங்கை வடிகாலில் முட்டி நிற்கும். மறுகரையில் இன்னொன்று தொடங்கும். இரண்டையும் இணைப்பதற்கு வேண்டியது ஒன்றரை மீற்றர் அகலமுள்ள ஒரு சிறு மதகு. அதன் நடுவே ஒரு தூணை நட்டுவிட்டால் ஓட்டோவும் காரும் நுழையா, சைக்கிளும் நடப்பவரும் தடையின்றிக் கடப்பர். போக்குவரத்துத் திட்டமிடலில் இதை வடிகட்டிய ஊடுவழி எனக் குறிப்பதுண்டு: எல்லா வாகனங்களையும் தடுக்காமல் பெரியவற்றை மட்டும் வெளியே நிறுத்தும் வழி. சாம்பல்தீவில் நீரைக் கடக்கும் இடத்தைப் போல வேறு மார்க்கமே இல்லாத இடங்களில் மட்டும் சைக்கிளோட்டி நெடுஞ்சாலைக்கு ஏற வேண்டியிருக்கும். வேகக் கட்டுப்பாட்டை அங்கே குவித்தால் போதும். 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபோது, படகுப்பாதைக்குக் காத்திருந்த மக்களின் நாளாந்த வாழ்வு எவ்வளவு மாறியது என்பதைக் கண்ட மாவட்டத்துக்கு, ஒன்றரை மீற்றர்ப் பாலத்தின் பயனை விளக்குவது கடினமாக இராது.

இத்தகைய இணைப்புகள் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியது கூட்டாக ஓடுதல். பார்சலோனா உள்ளிட்ட நகரங்களில் அண்மை ஆண்டுகளில் பரவிய சைக்கிள் பஸ் என்னும் ஏற்பாட்டில், குறித்த நேரத்தில் குறித்த வழியே இரு பெரியவர்கள் முன்னும் பின்னும் ஓட, வழியிலுள்ள வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்து பாடசாலை வரை செல்வர். தனியாகச் செல்லும் பிள்ளையை முந்திப் பாயும் சாரதி, இருபது பேர் சேர்ந்து வரும்போது வேகத்தைத் தானாகவே தளர்த்துவான். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கி இன்றுவரை ஞாயிறுதோறும் முதன்மை வீதிகளைச் சில மணி நேரம் மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடும் வழக்கமும் இதே தத்துவத்தைச் சார்ந்தது. திருகோணமலையில் உட்துறைமுக வீதி அத்தகைய ஞாயிறு காலைக்கு ஏற்றது: கடற்காற்று உண்டு, ஏற்றம் குறைவு, மாற்று வழிகளும் உள்ளன. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைச் சைக்கிள் தரும் உப்புவெளிக் கடைகள், சைக்கிள் இல்லாத உள்ளூர்க் குடும்பங்களுக்கு அக்காலைகளில் குறைந்த கட்டணத்தில் கொடுத்தால் அவற்றுக்கும் நட்டமில்லை.

முட்டுக்கட்டை பெரும்பாலும் பணமன்று, அதிகாரப் பங்கீடு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலும், அவற்றை அடுத்த தரத்தவை மாகாண நிர்வாகத்திடமும், ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றங்களிடமும் உள்ளன. அந்த மன்றங்களும் நகரத்துக்கு ஒன்று, சூழவுள்ள பகுதிகளுக்குப் பட்டணமும் சூழலும் பிரதேச சபை எனப் பிரிந்திருக்கின்றன. வேகத்தைக் கண்காணிப்பது பொலிஸ். அலஸ்தோட்டத்திலிருந்து நகரப் பாடசாலைக்கு வரும் பிள்ளை அரை மணி நேரத்துக்குள் இவர்களுள் மூவரின் எல்லைகளையாவது கடந்துவிடுகிறது. எனவே ஒரு மதகையும் ஒரு வேகத்தடையையும் ஒரு தெருவிளக்கையும் கேட்கும் பெற்றோர் மூன்று கடிதங்கள் எழுத வேண்டியுள்ளது. இவை ஒரே மேசையில் பேசப்படக்கூடிய இடம் பிரதேச செயலகத்தில் கூடும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டமே. ஒக்டோபரில் வாடைமழை தொடங்கினால் வடிகால் வேலைகள் சனவரி கடந்தும் நிற்கும் என்பதால், மதகுகளுக்கான கோரிக்கையைக் கச்சான் காலத்துக்குள் அங்கே வைத்துவிடுவது நல்லது.