கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்: மலை நடைக்கு ஏற்ற பாட்டில் பை

மலைப் பயணம் என்றதும் நாம் எடுத்து வைக்கும் பொருள்களின் பட்டியல் நீளமானது. கம்பளிச் சட்டை, குடை, காலணி, டார்ச் விளக்கு, நொறுக்குத் தீனி என ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் சேர்க்கிறோம். தண்ணீரையும் மறப்பதில்லை. ஆனால், அத்தண்ணீரை எங்கே வைத்து எவ்வாறு சுமந்து செல்வது என்று சிந்திப்போர் நம்மில் மிகச் சிலரே. கடைசி நேரத்தில் பாட்டிலை முதுகுப்பையின் அடியில் திணிக்கிறோம்; அல்லது கையிலேயே பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

இவ்விரண்டுமே துன்பம் தரும் பழக்கங்கள். பையின் அடியில் கிடக்கும் தண்ணீர், உடல் கேட்கும் நேரத்தில் குடிக்கப்படுவதில்லை. நடையை நிறுத்த வேண்டும், பையை இறக்க வேண்டும், துணிகளை விலக்கிப் பாட்டிலைத் தேட வேண்டும். இத்தனைக்கும் சோம்பி, "மேலே போய்க் குடித்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். மாணவர்களை வெளியூர்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இக்காட்சியை அடிக்கடி கண்டிருப்பார்கள். பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும். அதன் உரிமையாளனான சிறுவனோ நாவறண்டு, தலைவலி என்று சொல்லி வழியிலேயே உட்கார்ந்துவிடுவான். தண்ணீர் இருப்பது வேறு, தண்ணீர் குடிக்கப்படுவது வேறு என்பதை அந்தச் சிறுவனின் முகமே நமக்குச் சொல்லிவிடும்.

கையில் பிடித்து நடப்பதோ இன்னும் ஆபத்தானது. சரிவில் கால் வழுக்கும்போது பாறையையோ மரவேரையோ பற்ற வேண்டிய கை, ஒரு பாட்டிலைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இந்த இரு இடர்களுக்கும் ஒரே விடை, தோளிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளும் பாட்டில் பை. அதைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இன்று ஏன் இது தேவை?

முன்பெல்லாம் மலையூர்களில் வழிநெடுகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு, வெற்றுப் பாட்டிலை எறிந்துவிட்டு நடந்தார்கள். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரி மாவட்டத்தில் 2019இல் தடை வந்தது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி 2024இல் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழக வனத்துறை, வழிகாட்டிகளின் துணையுடன் பொதுமக்கள் நடந்து செல்வதற்கென 40 மலைப் பாதைகளை அறிவித்தது. நடப்பதற்கு வழி திறந்திருக்கிறது. வழியில் பாட்டில் வாங்கி எறிவதற்கு வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே, மீண்டும் மீண்டும் நிரப்பிக் குடிக்கும் சொந்தப் பாட்டிலும் அதைச் சுமக்க ஒரு நல்ல பையும் இன்றியமையாதவை ஆகிவிட்டன.

துருத்தி முதல் கான்வாஸ் வரை

நீரை உடலோடு கட்டிச் சுமப்பது மனிதனுக்குப் புதிதன்று. பாலைவனப் பயணிகள் ஆட்டுத்தோலால் ஆன துருத்திகளில் நீர் கொண்டு சென்றார்கள். வட இந்தியாவில் 'மஷ்க்' என்னும் தோல்பையைத் தோளில் மாட்டித் தண்ணீர் வழங்கியவர்களுக்குப் 'பிஸ்தி' என்று பெயர். சுவர்க்கத்தைக் குறிக்கும் 'பிஹிஷ்த்' என்னும் பார்சிச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தாகம் தீர்ப்பவரைச் சுவர்க்கவாசி என்று அழைத்திருக்கிறார்கள்! 1539ஆம் ஆண்டு சௌசா போரில் ஷேர்கானிடம் தோற்ற ஹுமாயூன் கங்கையில் மூழ்கவிருந்தபோது, நிஜாம் என்ற பிஸ்தி தம் தோல்பையை ஊதிக் கொடுத்து அவரைக் கரையேற்றினார். அதற்கு நன்றியாக அந்த எளிய மனிதரைப் பேரரசர் சிறிது நேரம் தம் அரியணையில் அமர்த்தினார் என்கிறது வரலாறு.

தோல்பையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்ந்தது. நம் வீட்டு மண்பானையின் தத்துவமும் இதுவே. பிற்காலத்தில் படைவீரர்களின் உலோகப் பாட்டில்களுக்குக் கம்பளித் துணியால் உறை தைத்தார்கள். அந்த உறையை நனைத்துவிட்டால் வறண்ட வெயிலிலும் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. இன்று கடையில் நாம் காணும் பாட்டில் பை, இந்தத் துருத்தி, இராணுவ உறை ஆகியவற்றின் வழித்தோன்றல்தான்.

முதலில் பாட்டில், பிறகே பை

பையின் அழகில் மயங்கி அதை முதலில் வாங்கிவிடுவது பலரின் வழக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாட்டில் நுழையாது. நுழைந்தாலும் உள்ளே உருளும். எனவே எந்தப் பாட்டில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. குளிர்ச்சியைக் காக்கும் இரட்டைச் சுவர் எஃகு பாட்டிலாக இருந்தால், அதன் எடையும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். வெயில் மிகாத வேளையில் சாதாரண நடைக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெயிலும் ஏற்றமும் மிகுந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். பாதி நாள் நடைக்கு ஒற்றைச் சுவர் எஃகு பாட்டிலோ, உறுதியான பிளாஸ்டிக் பாட்டிலோ போதும். இரட்டைச் சுவர் பாட்டில்தான் வேண்டும் என்போர், வெப்பம் தடுக்கும் பஞ்சுறை வைத்த பைக்குத் தனியாகப் பணம் செலவிட வேண்டியதில்லை. அந்த வேலையைப் பாட்டிலே செய்துவிடும்.

இனி அளவு. பாட்டிலின் பருத்த பகுதியை ஒரு நூலால் சுற்றி, அந்நூலின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெலிந்த பாட்டிலானால் 23 செ.மீ. வரும், அகன்ற வாய்கொண்ட ஒரு லிட்டர் பாட்டிலானால் 28 செ.மீ. வரை வரும். கடையில் பையைத் தட்டையாக மேசைமீது வைத்து அதன் உள் அகலத்தை அளந்து பாருங்கள். நூலின் நீளத்தில் பாதியைவிட ஒரு செ.மீ. அளவு கூடுதலாக இருந்தால் அப்பை பொருந்தும். மிகக் குறைந்தால் பாட்டில் நுழையாது. மிகக் கூடினால் ஒவ்வோர் அடிக்கும் குலுங்கும். உயரத்தைப் பொறுத்தவரை, பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்காவது பைக்குள் அமர வேண்டும். இல்லையேல் குனியும்போது பாட்டில் நழுவி விழும்.

தோளிலா, இடுப்பிலா?

ஒரு லிட்டர் பாட்டிலுக்குத் தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக வரும் வார் நல்லது. வாரின் அகலத்தைக் கவனியுங்கள். அரை லிட்டருக்கு ஓர் அங்குலம் போதும். ஒரு லிட்டருக்கு ஒன்றரை அங்குலமாவது வேண்டும். மெல்லிய கயிறு போன்ற வார், ஒரு மணி நேர நடையிலேயே தோளை அறுத்துவிடும். வாரின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயல வேண்டும். பாட்டில் இடுப்பெலும்பின் மேல் அமர்ந்திருக்க வேண்டுமேயன்றித் தொடையில் மோதக் கூடாது. பையின் பின்புறத்தில் பெல்ட் நுழையும் வளையம் இருந்தால், அதில் இடுப்பு வாரைக் கோத்து ஆட்டத்தை அறவே நிறுத்திவிடலாம்.

இடுப்பில் மட்டும் கட்டும் பை, அரை லிட்டருக்கே ஏற்றது. ஒரு லிட்டரை ஒரு பக்கம் கட்டினால் பெல்ட் சரிந்துகொண்டே இருக்கும். வேண்டுமானால் இரு பக்கமும் அரை லிட்டர் வீதம் கட்டலாம். புர்கா போன்ற தளர்ந்த மேலாடை அணியும் சகோதரிகளுக்கு இடுப்புப் பை ஒத்துவராது; ஆடையைத் தூக்கிப் பிடித்துவிடும். அவர்களுக்கு ஆடையின் மேலாகக் குறுக்கே வரும் அகன்ற வாரே வசதியானது. முதுகுப்பை வைத்திருப்போர், அதன் தோள்வாரின் முன்பக்கத்தில் இணைக்கும் சிறு பையைப் பார்க்கலாம்.

கடைகளில் 'மோலி' என்று சொல்லி விற்கும் பைகள் உண்டு. பின்புறத்தில் ஓர் அங்குல நாடாக்கள் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். 1990களில் அமெரிக்க இராணுவத்திற்காக உருவான முறை அது. அதே போன்ற நாடா வரிசை உங்கள் முதுகுப்பையிலும் இருந்தால் மட்டுமே அது பயன்படும். இல்லையேல் வீண் சுமை.

துணியும் வாயும் அடியும்

நைலானும் பாலியஸ்டரும் விரைவில் உலரும், எளிதில் கிழியா. இத்துணிகளில் '600 டெனியர்', '1000 டெனியர்' என்று எழுதியிருக்கக் காணலாம். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். எண் கூடினால் இழை தடிக்கும்; பையும் கனக்கும். சாதாரண நடைக்கு 500, 600 போதுமானது. நியோபிரீன் என்னும் ரப்பர்த் துணி பாட்டிலை இறுகப் பிடிக்கும், மோதலைத் தாங்கும். ஆனால் வியர்வையை வைத்துக்கொண்டு நாறும். பருத்திக் கான்வாஸ் நனைந்தால் கனக்கும். ஆயினும் வறண்ட காற்றில் நனைத்துக் கட்டினால் தண்ணீரைக் குளிர்விக்கும். ஈரக்காற்று வீசும் கடற்கரையிலும் மழைக்காட்டிலும் அந்தப் பயன் கிட்டாது.

பையின் வாயை ஒரே கையால், நடந்துகொண்டே திறக்க முடிகிறதா என்பதே முதன்மையான சோதனை. இழுத்துச் சுருக்கும் கயிறு எளிமையானது, பழுதாகாதது. ஜிப் மண்பட்டால் சிக்கும். வெல்க்ரோவுக்கு ஒரு கதை உண்டு. 1941இல் சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் நாயுடன் மலைப்பக்கம் நடந்து திரும்பியபோது, ஆடையில் ஒட்டிய முள்விதைகளை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தது அது. விந்தை என்னவென்றால், காட்டு நடையில் அதே புல்விதைகள்தாம் வெல்க்ரோவில் புகுந்து அதைக் கெடுக்கின்றன. வனவிலங்குகள் உலவும் இடத்தில் அதைப் பிரிக்கும் 'சர்ர்' என்ற ஓசையும் வேண்டாத ஒன்று. குரங்குகள் மிகுந்த இடங்களுக்குப் போவோர், பாட்டிலை மேலே மூடும் மடிப்புள்ள பையை வாங்குவது நலம்.

பையைக் கவிழ்த்து அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே உலோக வளையமிட்ட சிறு துளை இருக்க வேண்டும். மழைநீரும் சிந்திய நீரும் அவ்வழியே வெளியேறும். துளை இல்லாத பையில் நீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். வார் பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பை அறுந்து போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வெளிப்புறத்தில் ஒரு சிறு பாக்கெட் இருந்தால் அதில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கென்று தயாரித்த பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் முழுவதுமாகக் கொட்டிவிடக் கூடாது. உப்பு இரு மடங்காகிவிடும். பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவைப் படித்தே கலக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு

எல்லோருடைய தண்ணீரையும் வாப்பா ஒரே பையில் சுமந்து முன்னே விரைவார். பிள்ளைகள் தாகத்தோடு பின்னே வருவார்கள். இது பல குடும்பங்களில் நடப்பது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கும் அரை லிட்டர் பாட்டிலும் சொந்தப் பையும் கொடுத்துவிடுங்கள். கேட்காமலே குடிக்கும் உரிமை அதற்கு வேண்டும். ஆனால் கழுத்தில் கயிறு மாட்டித் தொங்கவிடாதீர்கள். கிளையிலோ கம்பியிலோ அது மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இழுத்தவுடன் கழன்றுவிடும் கொக்கி உடைய வாரோ, இடுப்புப் பையோ பாதுகாப்பானது.

வீட்டிலேயே தைக்கலாம்

விலை கொடுத்து வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் கீழ்க்கால் பகுதியைப் பாட்டிலின் உயரத்திற்கு வெட்டி, சுற்றளவுக்கு ஏற்பப் பிடித்துத் தையுங்கள். அடியில் வட்டமாக ஒரு துண்டு வைத்துத் தைத்து, நடுவில் துளையிட்டு வளையம் பொருத்துங்கள். மேல் விளிம்பை மடித்துக் கயிறு கோத்துவிட்டு, பழைய பள்ளிப்பையின் வாரை இரு பக்கமும் இரட்டைத் தையலாக இணைத்தால் பை தயார். பை தைக்கும் கடைக்காரரிடம் கொடுத்தாலும் சிறிது நேரத்தில் முடித்துத் தருவார்.

வாங்கினாலும் தைத்தாலும் பயணத்திற்கு முன் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். பாட்டிலை நிரப்பிப் பையில் வைத்து, மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குங்கள், குனியுங்கள், ஒரு கையால் எடுத்துக் குடித்து மீண்டும் வையுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே அறுக்கிறது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். பயணம் முடிந்ததும் பையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

மலையில் நடக்கும்போது தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், கால்மணிக்கு ஒரு முறை சில மிடறு குடித்து வாருங்கள். ஒரேயடியாகக் குடம் குடமாகக் குடிப்பதும் நல்லதன்று. பை எத்துணை விலை உயர்ந்தது என்பது பொருட்டன்று. இறங்கி வரும்போது பாட்டில் காலியாக இருந்ததா, இரு கைகளும் விடுதலையாக இருந்தனவா, மலையில் நாம் எறிந்த பாட்டில் ஒன்றுகூடக் கிடக்கவில்லையா என்று பாருங்கள். இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த பை நல்ல பைதான்.