கேட்காமல் வந்த உதவியாளரும் கட்டாயம் வேண்டிய அப்டேட்டும்

ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் அது பத்து வருடமாவது உழைக்க வேண்டும் என்பதுதான் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்துக் குடும்பங்களின் கணக்கு. அண்ணன் காலேஜ் ப்ராஜெக்ட் முடித்த மெஷினில் தங்கை ஆன்லைன் வகுப்பு கேட்பாள். அப்பா வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதும், தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடுவதும் அதில்தான். இப்படிப்பட்ட மெஷின்களுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஒரு கெடு விழுந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். அதற்கு முன் வாங்கியவை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வாசலிலேயே நிறுத்தப்பட்டன.

புது மெஷினுக்கு மாறியவர்களுக்கு வேறு தலைவலி. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 2023 செப்டம்பரில் விண்டோஸுக்குள் நுழைந்தது. எட்ஜ் பிரவுசர், வேர்டு, எக்செல் என்றும் பரவியது. 2024 ஜனவரியில் கீபோர்டிலேயே அதற்கென ஒரு பட்டன் அறிவிக்கப்பட்டது. வீட்டுக்காரர் யாரும் கேட்டு வந்ததல்ல இது.

இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது ரீகால். திரையில் தெரிவதை அடிக்கடி படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தேடினால் எடுத்துக் கொடுக்கும் வசதி. 2024 மே 20-ல் அறிவித்தார்கள். வங்கிக் கணக்கு, தனிப்பட்ட கடிதம் எல்லாமே அந்தப் படங்களில் சிக்கும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கொதித்தெழுந்ததும் வெளியீடு தள்ளிப்போனது. 2025 ஏப்ரலில் மாற்றங்களோடு வந்தபோது, பயன்படுத்துபவர் தானே இயக்கினால் மட்டுமே வேலை செய்யும் என்றானது. படங்கள் அந்த மெஷினுக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகின்றன. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளுக்கு மேல் போடும் தனிச் சில்லு உள்ள லேப்டாப்களில்தான் இது ஓடும் என்பதால், பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கவலை இன்னும் வரவில்லை. எதிர்ப்புக்குப் பலன் உண்டு என்பதற்கு ரீகால் நல்ல சாட்சி.

எரிச்சல் முற்றியதும் பலர் எடுக்கும் முடிவு, அப்டேட்டையே மொத்தமாக நிறுத்திவிடுவது. சர்வீஸ் செய்ய வருபவர்களும் சில சமயம் அதைத்தான் செய்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இது பெரிய தவறு.

ஏன் என்பதற்குத் தாம்பரத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. ஒரகடத்தில் இருந்த ரெனோ-நிஸான் கார் ஆலையும் அதில் பாதிக்கப்பட்டது. வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. அடி வாங்கியவை பெரும்பாலும் அந்த அப்டேட்டைப் போடாத மெஷின்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் மீனம்பாக்கத்தில். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் நிறுத்தியது. கோப்பு வெளியில் இருந்தது 78 நிமிடம்தான். சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கிரவுட்ஸ்ட்ரைக்கினுடையது நிறுவனங்களுக்கான மென்பொருள், அதனால் இந்தப் பிழை வீடுகளைத் தொடவில்லை. ஆனாலும், யாரையும் கேட்காமல் எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் இறங்கும் மாற்றம் என்ன செய்யும் என்பதை அந்த நாள் காட்டியது.

ஆக, பாதுகாப்பு அப்டேட் வேறு, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் புது வசதி வேறு. முதலாவது கட்டாயம் வேண்டும். இரண்டாவதை வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை வேண்டும். கம்பெனிகள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதுதான் இங்கே உள்ள சிக்கல்.

பொட்டலத்தை ஓரளவு பிரிக்கலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் கோபைலட்டைக் கண்டுபிடித்து, பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் அன்இன்ஸ்டால் வரும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கோபைலட் என்று போனால் ஒரு டிக் மார்க் இருக்கும். அதை எடுத்துவிட்டால் போதும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவைத்தால் பெரிய அப்டேட்டுகள் டேட்டாவை விழுங்காது; வாரம் ஒருமுறையாவது வைஃபை கிடைக்கும் இடத்தில் அவற்றைப் போட்டுவிட வேண்டும். பரீட்சை, கணக்கு முடிக்கும் நேரம் என்றால் அப்டேட்டைச் சில வாரம் தள்ளிவைக்க ‘பாஸ்’ பட்டன் இருக்கிறது.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளம் ஒரு வழி. லினக்ஸை வளர்த்த வேலையில் இந்தப் பகுதிக்கே பங்கு உண்டு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இயங்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் பிறந்ததுதான் பாஸ் லினக்ஸ். தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் வந்தது. பிரவுசர், யூடியூப், கடிதம் எழுதுவது போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் தாராளம். டாலி போட்டுக் கணக்கு எழுதுபவர்கள் மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டும். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது.

விண்டோஸ் 10-லேயே தொடர விரும்புபவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கிறது. இந்தியாவில் அதை இலவசமாகப் பெற, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்கள் சர்வரில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் ரிவார்ட்ஸ் புள்ளிகளோ 30 டாலருக்கு இணையான பணமோ கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்ததும் அந்தச் சேமிப்பு நிபந்தனை கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவிலோ, வேர்டு, எக்செல் தொகுப்பில் கோபைலட்டைச் சேர்த்து விலையை ஏற்றியபோது பழைய விலைத் திட்டம் இருப்பதை மறைத்ததாக மைக்ரோசாஃப்ட் மீது அரசின் போட்டி ஆணையமே 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது; அடுத்த மாதம் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அப்படிக் கேட்க இங்கும் சட்டம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட விதிகள் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பதும், தேவையில்லாத சேவையில் சேரக் கட்டாயப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘வேண்டாம்’ என்ற பட்டனே இல்லாத அறிவிப்பு திரையில் மீண்டும் மீண்டும் வந்தால், ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.