இதயத்திற்குத் துணை நிற்கும் இல்லம்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள முதியவர் ஒருவருக்கு இதய நோய் வந்தால், பன்னர்கட்டா சாலையில் உள்ள ஜெயதேவா அரசு மருத்துவமனையை நாடுவதுண்டு. சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பியதும், நோய் நீங்கிவிட்டது என எண்ணுவது இயல்பு. ஆனால், இதயச் செயலிழப்பு என்னும் நோயில் குடும்பத்தின் பணி அன்றுதான் தொடங்குகிறது.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவது அன்று. உடலுக்குத் தேவையான குருதியைச் செலுத்த இயலாதவாறு அது வலுவிழப்பதாகும். அதனால் உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. கால்கள் வீங்குகின்றன. நுரையீரலில் நீர் சேர்வதால் படுத்தவுடன் மூச்சுத் திணறுகிறது.

2013ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் இந்நோயால் மருத்துவமனைகளில் சேர்ந்த 1205 பேரின் நிலையை மருத்துவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களின் சராசரி வயது 61. ஓராண்டிற்குள் பத்தில் ஏறத்தாழ மூவர் உயிரிழந்தனர். எனவே, நோயாளி வீடு திரும்பிய பின்னும் கவனம் குறையலாகாது.

நோயாளி மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்வதற்கு வீட்டுப் பழக்கங்களும் காரணமாகலாம். அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்கிறது என்று நீர் மாத்திரையைச் சிலர் நிறுத்திவிடுகின்றனர். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பைச் சிலர் கணக்கில் கொள்வதில்லை.

இங்குக் குடும்பம் துணை நிற்கலாம். நாள்தோறும் காலையில், உணவுக்கு முன் நோயாளியின் எடையைக் குறித்துவைக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால், அது தேங்கிய நீராக இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வீட்டில் அனைவரும் உப்பைக் குறைத்தால், நோயாளி தமக்கெனத் தனியே சமைத்து உண்ண வேண்டியதில்லை.

மருத்துவமனைச் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அது விளங்காது. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் பயிலும் பேரக்குழந்தை, மாத்திரையின் பெயரையும் உண்ண வேண்டிய வேளையையும் தமிழில் பெரிய எழுத்துகளில் எழுதித் தரலாம். ஐயம் எழுந்தால் ஊகித்து எழுதலாகாது. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டறிய வேண்டும். எழுதியதைப் பெரியவர் ஒருவர் சரிபார்ப்பதும் இன்றியமையாதது. கற்ற மொழி இவ்வாறு ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.

சிந்தித்து விடை எழுதுக:
1. நோயாளியின் எடையை நாள்தோறும் குறித்துவைப்பது ஏன்?
2. பாட்டிக்கு உதவும் வகையில் ‘காலை’, ‘பகல்’, ‘இரவு’ எனப் பிரித்து ஒரு மருந்து அட்டவணை வரைக.